தண்ணீர் குடிக்கிற நேரம்

டீச்சருடைய தொண்டையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அதை விட்டுவிட்டு அவரைப் பற்றி என்ன சொன்னாலும் பாதிதான். ஒரு காலத்தில் அது தொண்டையே இல்லை, வெண்கலம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அவருக்கு வைத்திருந்த பெயர் ஒலிபெருக்கி. கடைசி பெஞ்சில் ஒருவன் கண் சொருகினால், கரும்பலகைப் பக்கம் திரும்பியிருந்தபடியே அவனை உலுக்கி எழுப்பிவிடுகிற குரல். மாடியில் அவர் பின்னம் நடத்தினால் கீழே ஆபீசில் உட்கார்ந்திருக்கிற கிளார்க்குக்கும் பின்னம் வந்துவிடும்.

அப்படிக் கத்திக் கத்தித்தான் குரல்நாணில் முடிச்சு விழுந்தது. ஆபரேஷன் செய்தார்கள். "இனிமே சத்தம் போட்டுப் பேசினீங்கன்னா மிச்சம் இருக்கறதும் போயிடும்" என்றார் டாக்டர். மிச்சம் இருந்தது என்ன? ஒரு கரகரப்பு. பக்கத்தில் உட்கார்ந்தால்தான் காதில் விழும். பள்ளிக்கூடத்தில் நல்ல விதமாகத்தான் பேசினார்கள், பூங்கொத்தெல்லாம் கொடுத்தார்கள். ஆனால் வகுப்பு கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். டீச்சர் வீட்டுக்கு வந்து அந்தப் பூங்கொத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் வாஷிங் மெஷின் மேல் வைத்துவிட்டு ஒரு பாட்டம் அழுதார். அழுகைக்கும் சத்தம் வரவில்லை. அதுதான் அவருக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

பிறகு ஒரு மையத்தில் வேலை கிடைத்தது. பாதியில் படிப்பை விட்டவர்களுக்கு ஆன்லைனில் பாடம் நடத்தி, பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதவைக்கிற மையம். படிக்கிறவர்கள் எல்லாம் பெரியவர்கள். பஸ் ஓட்டுகிறவர், காவலுக்கு நிற்கிறவர், சமையல் வேலை பார்க்கிறவர், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுத் தானும் புத்தகத்தைத் திறக்கிற அம்மாக்கள். மைக் இருப்பதால் கத்த வேண்டியதில்லை. வாரத்தில் சில நாள் நேரடி வகுப்பு. வேலை காரணமாக அதற்கு வர முடியாதவர்களுக்குப் பாடத்தைப் பதிவு செய்து போடுவார்கள், கிடைத்த நேரத்தில் போனில் பார்த்துக்கொள்ளலாம்.

டீச்சருடைய கணவர் ஏசி மெக்கானிக். வாய் ஓயாத மனுஷர், கையும் ஓயாது. படுக்கையறை மூலையில் அலமாரிக் கதவுகள் இரண்டையும் விரியத் திறந்து, அதன் மேல் வீட்டில் இருந்த கம்பளிகளையெல்லாம் தொங்கவிட்டு, நடுவில் ஒரு ஸ்டூலைப் போட்டார். "உள்ள உக்காந்து பேசிப் பாரு. எதிரொலி இருந்தா என்னக் கேளு" என்றார். இருக்கவில்லை. வெயில் காலத்தில் அந்த மூலையில் உட்கார்ந்தால் வெந்துவிடும் என்பது வேறு விஷயம். ஏசி மெக்கானிக் வீட்டில் ஏசி கிடையாது.

குரல் வந்துவிட்டது, ஆனால் ஒரு தொந்தரவு. நாலு வாக்கியம் பேசினால் தொண்டை ஒட்டிக்கொள்ளும். அதனால் டீச்சர் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டார். கேள்வியைக் கேட்டுவிட்டு நிறுத்துவார். பிளாஸ்கிலிருந்து வெந்நீரை ஊற்றி, மெதுவாகக் குடித்து, அது இறங்கி, தொண்டை கொஞ்சம் இளகிய பிறகு, "ம்... இப்ப பாக்கலாம்" என்று ஆரம்பித்து அந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுவார். அதுவரை திரையில் கேள்வி மட்டும் நிற்கும். சத்தம் ஒன்றும் இருக்காது. ஒரு பாடத்தில் இப்படி எத்தனையோ இடங்கள். தன் பதிவுகளைத் தானே கேட்கும்போது அந்த இடங்கள் வந்தாலே டீச்சருக்கு உடம்பு கூசும். கூட்டத்தின் நடுவில் நிற்கும்போது சேலை கிழிந்திருப்பது தெரிந்த மாதிரி.

நேரடி வகுப்பில் நிலைமை இன்னும் மோசம். வருகிறவர்கள் எல்லாரும் கேமராவை மூடி வைத்திருப்பார்கள். மைக்கையும் மூடிவிடுவார்கள். திரை முழுக்கக் கறுப்புக் கட்டங்கள். "யாராவது சொல்லுங்களேன்" என்றால் ஒரு ஈ காக்கை பேசாது. வயசானவர்களுக்குத் தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்கிற வெட்கம் பிள்ளைகளைவிட நூறு மடங்கு. டீச்சருக்கும் அது தெரியும். ஆனாலும், அந்தக் கட்டங்களுக்குப் பின்னால் ஆள் இருக்கிறார்களா, இல்லை போனைத் திறந்து வைத்துவிட்டுத் துணி துவைக்கப் போய்விட்டார்களா என்று யாருக்குத் தெரியும்? ஒலிபெருக்கி என்று பெயர் வாங்கியவர், காலி அறையில் பேசிக்கொண்டிருக்கிறோமோ என்று பயந்துகொண்டே காலத்தை ஓட்டினார்.

இந்த நேரத்தில்தான் மையத்தின் மேலாளர் போனில் கூப்பிட்டார். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் காலில் சக்கரம். எதற்கெடுத்தாலும் "ஒரு நிமிஷம்" என்பார், அந்த ஒரு நிமிஷத்தில் நாலு வேலையை முடித்துவிட்டுத் திரும்பி வருவார்.

"டீச்சர், ஒரு நிமிஷம். உங்க பதிவுல நடுநடுவுல சத்தமே இல்லாத இடம் நிறைய வருது. அத வெட்டி எடுக்க ஒரு சாப்ட்வேர் வந்திருக்கு. போட்டுப் பாத்தோம். பாடம் பாதியா சுருங்கிடுச்சு!"

"வெட்டிடுங்க சார். நானே சொல்லணும்னு நெனச்சேன்" என்றார் டீச்சர். உண்மையாகவே நிம்மதியாகத்தான் இருந்தது.

"இன்னொண்ணு. அடுத்த பருவத்துலேருந்து கம்ப்யூட்டர் குரல் வெக்கப் போறோம். நீங்க பாடத்த எழுதிக் குடுத்தா போதும், அதுவே பேசிடும். தொண்டை கட்டாது, லீவு கேக்காது. நேரடி வகுப்பும் வேணாம்னு தோணுது. அங்கதான் யாரும் வாயே தொறக்கறதில்லையே. உங்களுக்கும் ஓய்வு."

டீச்சர் சரி என்று சொல்லிவிட்டார். போனை வைத்த பிறகுதான், என்னத்துக்குச் சரி சொன்னோம் என்பது மண்டையில் ஏறியது. முதலில் பள்ளிக்கூடம் போனது. இப்போது இந்தக் கம்பளி மூலையும் போகிறது. இனிமேல் அவர் பாடம் எழுதுகிறவர், டீச்சர் இல்லை.

கணவர் குதித்தார். "யாராவது உன்னப் புடிச்சுத் தள்ளினா பரவாயில்ல. நீயே கதவத் தொறந்து நீயே வெளிய போயி, வாசல்ல நின்னு டாட்டாவும் காட்டிட்டு வந்திருக்க!"

"நான் என்னங்க பண்றது? இந்தக் கரகரப்ப எவ்வளவு நாளுக்குத்தான் ஜனங்க பொறுத்துக்குவாங்க?"

"நான் பொறுத்துக்கல?"

"உங்களுக்கு வேற வழியில்ல" என்றார் டீச்சர். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

வெட்டின பாடங்கள் வெளிவந்தன. டீச்சர் கேட்டுப் பார்த்தார். அடேயப்பா! தண்ணீர் கொட்டுகிற மாதிரி இருந்தது பேச்சு. கேள்வி, உடனே "ம்... இப்ப பாக்கலாம்", உடனே கணக்கு, உடனே அடுத்த கேள்வி. தன்னுடைய பழைய குரலைத் திரும்பக் கேட்ட மாதிரி அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட வந்தது.

அந்தப் பெருமை நாலு நாள் தாங்கவில்லை. மையத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஒவ்வொன்றாக வர ஆரம்பித்தது. "டீச்சருக்கு எங்க மேல ஏதாவது கோபமா?" என்று ஒருத்தர். "டீச்சர் எங்கயாவது அவசரமாப் போகணுமா?" என்று இன்னொருத்தர். பஸ் ஓட்டுகிறவர் எழுதியிருந்தார்: "முன்னெல்லாம் எங்களப் பேச விடுவாங்க. இப்ப ஏன் விடறதில்ல?"

டீச்சருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. பேச விட்டேனா? நேரடி வகுப்பில் பேசுங்கள் பேசுங்கள் என்று கெஞ்சினாலும் வாய் திறக்காத ஜனங்கள் இவர்கள். "பழகிடும் டீச்சர், கண்டுக்காதீங்க" என்றார் மேலாளர்.

மறுநாள் மத்தியானம் ஒரு போன் வந்தது. பேசியது ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிற அக்கா. நேரடி வகுப்பு நேரத்தில் அவருக்கு ஷிப்ட், அதனால் பதிவுகளை மட்டும் பார்த்துப் படிக்கிறவர். பின்னால் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது.

"தொந்தரவுக்கு மன்னிச்சுக்குங்க டீச்சர். ஒரே ஒரு விஷயம் கேக்கணும். நாங்க ஏதாவது தப்பு பண்ணிட்டமா?"

"என்னக்கா சொல்றீங்க? என்ன தப்பு?"

"இல்ல, நாங்க பதில் சொல்றதுக்குள்ள நீங்க அடுத்ததுக்குப் போயிடறீங்க. முன்ன அப்படிப் பண்ண மாட்டீங்க. கேள்வி கேட்டுட்டு எங்களுக்காக இருப்பீங்க. நாங்க சொல்லி முடிச்சதும்தான் 'இப்ப பாக்கலாம்'னு ஆரம்பிப்பீங்க. இங்க எல்லாருக்கும் மனசு கஷ்டமா இருக்கு டீச்சர்."

"அக்கா... அது பதிவு பண்ணின பாடம். நீங்க பேசறது எனக்குக் கேக்காது. தெரியும்ல?"

"அது தெரியாம இருக்குமா டீச்சர்? கேக்காதுன்னு தெரியும். ஆனா நீங்க காத்திருந்தது நெஜந்தானே? நீங்க அங்க உக்காந்து, நாங்க சொல்லுவோம்னு நெனச்சு, அவ்வளவு நேரம் பேசாம இருந்திருக்கீங்க. அத யாரும் பொய்யாப் பண்ண முடியாதே."

டீச்சர் வெந்நீர் பிளாஸ்கைப் பார்த்தார். பிளாஸ்க் தன்பாட்டுக்கு நின்றது. நான் தண்ணீர் குடித்தேன் அக்கா என்று சொல்ல வாயெடுத்தார், தொண்டை ஒட்டிக்கொண்டது. அந்தப் பக்கம் அக்கா ஒன்றும் பேசாமல், டீச்சர் பேசட்டும் என்று பொறுமையாக இருந்தார்.

சாயங்காலம் கணவரிடம் சொன்னபோது அவர் வாயைப் பிளந்தார். "தண்ணி குடிச்சதுக்கா இவ்வளவு மரியாத? நானுந்தான் வாழ்நாள் பூரா குடிக்கறேன்!" என்றார். பிறகு, கேலி பண்ணுகிற முகத்தை மாற்றிக்கொண்டு, "நீ அங்க ஒரு தடவ போயிப் பாத்துட்டு வா" என்றார்.

டீச்சர் மேலாளரையும் இழுத்துக்கொண்டு போனார். வர மாட்டேன் என்றுதான் சொன்னார் மனுஷர். "முடிவு எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் பாருங்க சார்" என்று அவருடைய வார்த்தையை அவருக்கே திருப்பிக் கொடுத்ததும் கிளம்பிவிட்டார்.

சலவைக்கூடம் ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் இருந்தது. நீண்ட நடை. போகப்போக மருந்து வாசம் குறைந்து சோப்பும் ஆவியும் கலந்த வாசம் ஏறியது. கதவுக்கு உள்ளே, சுருட்டின படுக்கை விரிப்புகள் குவிந்த வண்டிகள் வரிசையாக நின்றன. அந்தக் குவியலுக்குப் பின்னால் இரண்டு பேரும் நின்றது உள்ளே இருந்தவர்கள் கண்ணில் படவில்லை. டீச்சர் கூப்பிட வாயெடுத்தார். அதற்குள் அவருடைய குரலே உள்ளேயிருந்து கேட்டது.

மடிக்கிற மேஜை நடுவில் ஒரு எவர்சில்வர் டம்ளர், டம்ளருக்குள் போன். சத்தம் பெரிதாகக் கேட்க அப்படி ஓர் ஏற்பாடு. சேமித்து வைத்திருந்த பழைய பாடத்தை, வெட்டாத பாடத்தை, ஓடவிட்டிருந்தார்கள். சுற்றி அந்த ஷிப்டில் இருந்த அத்தனை பேரும். இரண்டிரண்டு பேராக விரிப்பின் நுனிகளைப் பிடித்து, விலகி இழுத்து, நெருங்கி வந்து மடித்துக்கொண்டே கேட்டார்கள். அந்த அக்கா ஒருத்தர்தான் மையத்தில் பேர் பதிந்த மாணவி. மற்றவர்கள் எந்தப் பதிவேட்டிலும் இல்லாத மாணவர்கள்.

டம்ளருக்குள்ளிருந்து டீச்சர் ஒரு கேள்வி கேட்டார். பிறகு பேச்சு நின்றது.

விரிப்புகள் அந்தரத்தில் நின்றுவிட்டன. நெருங்கி வந்தவர்கள் பாதி வழியில் அப்படியே நின்றார்கள். ஒருத்தர் உதடு மட்டும் அசைந்தது. ஒருத்தர் மேஜையில் சிந்தியிருந்த சோப்புத் தூளில் விரலால் எழுதினார். ஒரு பெண் சடாரென்று ஏதோ சொல்ல, அக்கா அவர் கையைப் பிடித்தார். "அவசரப்படாத. டீச்சர் இன்னும் பாத்துட்டுதான் இருக்காங்க." அப்போது போனில் மடக்கென்று ஒரு சின்னச் சத்தம் கேட்டது. "யோசிக்கறாங்க" என்று யாரோ பயபக்தியோடு சொன்னார்கள்.

டீச்சருக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. தான் கூசிக் கூசி ஒளித்துவைக்கப் பார்த்த இடம் இது. அந்த இடத்துக்குள் இத்தனை பேர் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள்! வெண்கலத் தொண்டை வைத்துக்கொண்டு எத்தனை வருஷம் கத்தியிருப்பார். ஒரு நாளாவது ஒரு வகுப்பு இப்படி யோசித்ததை அவர் பார்த்ததில்லை. பார்க்க எங்கே விட்டார்? கேள்வி கேட்ட மூச்சிலேயே பதிலையும் தானே சொல்லிவிடுவாரே. கண்ணில் தண்ணீர் முட்டியது. மேலாளர் போனை வெளியே எடுத்தவர், அதைப் பார்க்காமலே திரும்பப் பைக்குள் போட்டார்.

பதில்கள் வந்து விழுந்தன, சண்டை நடந்தது, "ம்... இப்ப பாக்கலாம்" என்றது டம்ளர். அப்போதுதான் அக்கா திரும்பிப் பார்த்தார். வண்டிக்குப் பின்னால் யார் இந்த அம்மா என்று முதலில் விழித்தார். டீச்சர் வாயைத் திறந்து, "நாந்தான்க்கா" என்றார். அந்தக் கரகரப்பைக் கேட்டதும் கூடமே ஆடிப்போய்விட்டது. கையிலிருந்த விரிப்பைக் கீழே போட்டவர்கள் இரண்டு பேர். ஸ்டூல் வந்தது, டீ வந்தது, மேலாளருக்கு இரண்டு டீ வந்தது.

"டீச்சர், நேர்ல ஒரு கேள்வி கேளுங்க" என்றார் அக்கா. பிறகு குரலைத் தாழ்த்தி, இஸ்திரி மெஷின் பக்கத்தில் நின்ற பெரியவரைக் கண்ணால் காட்டினார். "அண்ணனுக்காக. அவரும் தினம் கணக்குப் போடுவார். ஆனா அவருக்கு மட்டும் பதில் வர்றதுக்குள்ள நீங்க ஆரம்பிச்சிடுவீங்க. ஒரு தடவகூட அவர் முடிச்சதில்ல."

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். "பரவால்ல டீச்சர். எனக்குக் கொஞ்சம் மந்தம்" என்றார்.

ஸ்டூலை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு டீச்சர் கேட்டார். "ஒரு வேலைய நாலு பேர் சேந்து ஆறு நாள்ல முடிக்கறாங்க. அதே வேலைய மூணு பேர் செஞ்சா எத்தன நாள் ஆகும்?"

கேட்டுவிட்டு நிறுத்தினார். இந்தத் தடவை குடிக்கத் தண்ணீர் இல்லை. சும்மா இருந்தார். மற்றவர்களுக்குப் பதில் வந்துவிட்டது என்பது முகத்தில் தெரிந்தது, ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. மேலாளர் தாங்க முடியாமல், "அதாவதுங்க அண்ணே..." என்று ஆரம்பித்தார். அக்கா திரும்பாமலே கையைத் தூக்கி அவரை அடக்கிவிட்டார். மூலையில் மெஷின் உருண்டு உருண்டு ஓடிக்கொண்டிருந்தது. பதிவாக இருந்தால் இந்நேரம் டீச்சர் கணக்கைப் போட்டு முடித்திருப்பார்.

"நாலரை" என்றார் அண்ணன்.

தப்பு. யாரும் சிரிக்கவில்லை. டீச்சர் அண்ணன் முகத்தையே பார்த்தார். கறுப்புக் கட்டம் இல்லை, முகம். நெற்றிச் சுருக்கம் வரைக்கும் தெரிகிற முகம். எந்த இடத்தில் வழி மாறினார் என்பது அதிலேயே எழுதி இருந்தது.

"எப்படி வந்துச்சு? எனக்குச் சொல்லுங்கண்ணே" என்றார்.

"நாலு பேருக்கு ஆறு நாள். ஒரு ஆள் கொறஞ்சா கால்வாசி கொறஞ்சது. அப்ப நாளும் கால்வாசி..." அண்ணன் நின்றுவிட்டார். டீச்சரும் அவரோடு நின்றார். "இருங்க, இருங்க. ஆள் கொறஞ்சா நாள் எப்படிக் கொறையும்? இங்க ஒருத்தன் லீவு போட்டாலே நம்ம முதுகுதான ஒடியுது!"

கூடம் வெடித்துச் சிரித்தது. அண்ணன் சிரிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு விரல்களை மடக்கினார், விரித்தார், திரும்ப மடக்கினார். எவ்வளவு நேரம் ஆனதோ, ஒருத்தரும் அவசரப்படுத்தவில்லை.

"எட்டு" என்றார். "எட்டு நாள் ஆகும் டீச்சர்."

"எட்டேதான்" என்றார் டீச்சர். குரல் உடைந்தது, உடைந்தால் உடையட்டும் என்று விட்டுவிட்டார். அண்ணன் தன் கையை எதற்கோ திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். மேலாளர் கதவுப் பக்கம் போய் ஆபீசுக்குப் போன் போட்டார். "அந்தக் கம்ப்யூட்டர் குரல் வேலைய நிறுத்திடு. ஆமா, மொத்தமா. பழைய பாடத்தத் திரும்ப ஏத்து. நேரடி வகுப்பு நேரத்தையும் மாத்தணும், இவங்க ஷிப்ட் முடியற நேரத்துக்கு. ஏன்னு கேட்டா... நீ ஒரு தடவ இங்க வந்து பாரு" என்று அவர் சொல்வது எல்லாருக்கும் கேட்டது.

அண்ணன் இஸ்திரி மெஷினை அணைத்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு, டீச்சருக்கு எதிரே ஒரு துணிக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இன்னொண்ணு கேளுங்க டீச்சர். இந்தத் தடவ வேகமா சொல்லிடறேன்."

"வேகமெல்லாம் வேணாம்ணே" என்றார் டீச்சர். "மெதுவாவே சொல்லுங்க. நான் இருக்கேன்."